பானெட்டைத் திறக்கும் முன்

பல வருடங்களாக ஷெட்டில் கிடக்கும் காரை எழுப்புவது என்றாலே கை முதலில் பானெட்டுக்குத்தான் போகிறது. புது பேட்டரி, புது பெட்ரோல், பிளக்கைத் துடைத்துப் போட்டு ஒரு செல்ஃப். இன்ஜின் உறுமிவிட்டால் முக்கால் வேலை முடிந்துவிட்டதாக ஒரு பூரிப்பு. சமவெளியில் இந்த வரிசை பெரிய கெடுதல் செய்வதில்லை. லவ்டேலில் செய்யும். ஏறத்தாழ 2,190 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. கேட்டைத் தாண்டினாலே சரிவு. இங்கே பழைய அம்பாசிடரையோ பத்மினியையோ ஓட வைக்க நினைப்பவர் சக்கரத்தில் தொடங்கி இன்ஜினில் முடிக்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் பிரேக் ஆயில். காற்றிலுள்ள ஈரத்தை அது தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140தான். இரண்டு பருவமழையும் இடையிடையே பனிமூட்டமும் உள்ள ஊரில் வருடக்கணக்கில் நின்ற காருக்குள் என்ன நடந்திருக்கும் என்று யூகிக்கலாம். வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்திருக்கும், ரப்பர்கள் இறுகியிருக்கும், ஹேண்ட் பிரேக் போட்டே விட்டிருந்தால் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். ‘மிதித்துப் பார்த்தேன், பெடல் கெட்டியாகத்தானே இருக்கிறது’ என்பார்கள். நிற்கிற காரின் பெடலை நம்பக் கூடாது. சூடேறிய பிறகுதான் அதன் யோக்கியதை தெரியும். மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் இருப்பது சுமார் 325 மீட்டரில். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் அதுவரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரும் எதிர்காற்றும் பெரும்பங்கை வாங்கிக்கொண்டாலும் மிச்சம் டிரம்மில்தான் இறங்குகிறது. ஈரம் ஏறிய ஆயில் அங்கே ஆவியானால், கொண்டை ஊசி வளைவில் பெடல் பஞ்சாக உள்ளே போகும். நம் நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள்: கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்பதால் பல்சக்கரம் வைத்தார்கள், அதோடு விடாமல் பெட்டிக்கொரு பிரேக்மேனையும் நிறுத்தினார்கள்.

இன்ஜினே செத்துப் போயிருந்தால் பிரேக்குக்குப் போட்ட பணம் வீண்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இன்ஜினில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெல்லத் திருப்பினால் பிஸ்டன் நகர்கிறதா என்று தெரிந்துவிடும். நகர்ந்தால் வீல் சிலிண்டர், ஓஸ், ஆயில் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே மேற்கொண்டு பேச வேண்டும். ‘சரிவு இருக்கும்போது பேட்டரி எதற்கு, உருட்டி இரண்டாம் கியரில் விட்டால் எடுத்துக்கொள்ளும்’ என்கிற மலைநாட்டு சாமர்த்தியம் இந்தக் காரிடம் வேண்டாம். எடுக்காவிட்டால் நிறுத்துவது யார்?

அதன் பிறகு இன்ஜின். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். பழைய பெட்ரோலின் மேல் புதியதை ஊற்றாமல் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோல் ஓஸ்களை மாற்றுவது நல்லது. ஏர் ஃபில்டரில் எலி குடியிருக்கிறதா என்றும் பாருங்கள், இருக்கும். ரேடியேட்டர் மூடியை அலட்சியப்படுத்தாதீர்கள்: இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும், மூடி இறுக்கமாக இருந்தால்தான் அழுத்தம் நிற்கும். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் காட்டும்.

ஆர்.சி. 15 வருடம் தாண்டியிருந்தால் புதுப்பிக்காமல் ரோட்டில் இறக்க முடியாது. அதன் பிறகும் 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பிரேக், இன்ஜின் வேலையெல்லாம் கோயம்புத்தூரில் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால், தயவுசெய்து காரை லாரியில் ஏற்றி அனுப்புங்கள். கயிறு கட்டி மலை இறக்காதீர்கள்.