மோட்டார் காரும் அதன் கனமும்

ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள இரும்பு ஏறத்தாழ 7.8 கிலோ, அதே அளவு அலுமினியம் 2.7 கிலோதான். அப்படியானால் அக்காலக் கார்களை முழுதும் அலுமினியத்தாலேயே செய்திருக்கலாமே என்று நாம் கேட்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் செய்தும் பார்த்தார்கள். 1953-இல் அறிமுகமான பன்ஹார் டைனா காரின் உடல் அலுமினியத் தகடு. ஆறு பேர் அமரும் அவ்வண்டிக்கு 850 சி.சி. எஞ்சினே போதுமாயிற்று! ஆனால் விலை கட்டுபடியாகாமல் சில ஆண்டுகளில் எஃகுக்கே திரும்பினார்கள். 1955-இல் வந்த சித்ரோயன் டி.எஸ். காரில் பானெட் அலுமினியம்.

மிச்சமும் நாம் எண்ணுமளவு இல்லை. அலுமினியம் எஃகைவிட மூன்று மடங்கு எளிதில் வளையும். 15 கிலோ எஃகு பானெட்டை அதே தடிப்பில் அலுமினியத்தால் செய்தால் 5 கிலோ; வளையாதிருக்க ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடிப்பாக்கினால் 7½ கிலோ.

நம் நாட்டு அம்பாசடரில் எஞ்சின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. பிரீமியர் பத்மினியில் ஹெட் அலுமினியம், கனம் குறைவு. ஆனால் சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் இரு மடங்கு விரியும். ரேடியேட்டரில் நீர் வற்றியும் வண்டியை ஓட்டினால் ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விடும்.

வைத்திக்குப்பம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. இரும்பு துருவேறும், அலுமினியமோ ஆக்சைடுப் படலத்தால் தன்னைக் காத்துக்கொள்ளும். எனினும் அலுமினியத் தகட்டை இரும்புத் திருகாணியால் இணைத்தால், உப்பு ஈரத்தில் அவ்விரண்டும் மின்கலம்போல் இயங்கி அலுமினியமே அரிக்கப்படும். ஆகவே நடுவே ரப்பரோ பெயின்ட்டோ இருக்க வேண்டும். பழைய கார் வைத்திருப்போர் வெள்ளைப் பொடி படிந்துள்ளதா என்று திருகாணியோரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.