சரிவுக் கூரையும் கதவின் பின்மூலையும்

கேள்வி: தாழ்வாரத்தை அடைத்துக் கட்டிய எங்கள் சின்னக் குளியலறையில் சரிவுக் கூரைப் பக்கமும் கதவின் பின்மூலையும் வீணாகின்றன. என்ன செய்யலாம்?
— வாசகி, ஊர்காவற்றுறை

பதில்: நிமிர்ந்து நிற்க இயலாத அச்சரிவின் கீழ், உட்கார்ந்தே உபயோகிக்கும் மலசலகூடக் கோப்பையை அமைத்து, உயரமான பக்கத்தைக் குளிப்பதற்கு ஒதுக்குவதே உசிதம். கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றிவிட்டால், அதன் பின்மூலை, நன்னீர் அருமையான நம் தீவுகளில் அத்தியாவசியமான தண்ணீர்ப் பீப்பாவுக்கு உரிய ஸ்தானமாகும். நெடுந்தீவுக் கோட்டையிலும் வேலிகளிலும் காணும் முருகைக்கல்லால் எழுந்த கனத்த பழஞ்சுவர் உங்களுடையதாயின், சவர்க்காரம் வைப்பதற்கு, விளக்குப் பிறை போன்ற ஒரு சிறு மாடத்தை, மேசனாரின் சம்மதம் பெற்று, அதிலேயே குடைந்துகொள்ளலாம். கொழுக்கிகள் மட்டும் இரும்பாக வேண்டாம். உப்புக்காற்று அவற்றை விரைவில் தின்றுவிடுமாதலால், விலை சற்று உறைத்தாலும், பித்தளையே சிலாக்கியம்.