விஞ்ஞாபனமும் மலரும் தட்டச்சுச் செய்வோருக்கு: நிரல் பிரிக்கும் முறை

ஒவ்வோர் ஆண்டும் ஆலயத்திலிருந்து மூன்று அச்சுப் பிரதிகளாவது அடியார்களின் கைக்குச் செல்கின்றன. மஹோற்சவ விஞ்ஞாபனம், வரவு செலவு அறிக்கை, ஆண்டு மலர் என்பன அவையாகும். முன்னர் இவற்றைத் தாளில் எழுதி அச்சகத்தில் ஒப்படைத்தால், எஞ்சியதை அச்சுக் கோப்பவர் பார்த்துக்கொள்வார். இன்று ஊர்ப் பிள்ளைகளே வீட்டுக் கணினியில் தட்டச்சுச் செய்து கோப்பாக அனுப்புகின்றார்கள். ஆகவே அச்சுக் கோப்பவர் அறிந்திருந்த சில விடயங்களை இப்போது தட்டச்சுச் செய்பவர் அறிந்திருத்தல் அவசியமாகின்றது. அவற்றுள் ஒன்றான நிரல் பிரித்தலை இக்கட்டுரை விளக்குகின்றது.

நிரல் எதற்காக?

பக்கத்தின் முழு அகலத்துக்கும் சிறிய எழுத்தில் வரி ஓடினால், ஒரு வரியை முடித்த கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் தடுமாறும். வரி குறுகினால் வாசிப்பு இலகுவாகும். நாளிதழ்கள் பல நிரல்களில் அச்சாவது இதனாலேயே. 1455ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் குட்டன்பேர்க் அச்சிட்ட விவிலிய நூலிலும் பக்கத்துக்கு இரண்டு நிரல்களே உள்ளன.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி

கணினியில் கைவைக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை வாசிப்பவர் மேலிருந்து கீழாக வாசிப்பாரா, இடமிருந்து வலமாகக் குறுக்கே வாசிப்பாரா?

கட்டுரை, வாழ்த்துரை, ஆலய வரலாறு ஆகியன மேலிருந்து கீழாக ஓடுபவை. முதல் நிரல் நிறைந்ததும் எழுத்து அடுத்த நிரலின் தலைப்புக்கு ஏறும். இவற்றுக்கு நிரல் பிரித்தல் பொருந்தும்.

உபயகாரர் பட்டியல், நன்கொடை விபரம், திருவிழா நாளும் நேரமும் ஆகியன குறுக்கே வாசிக்கப்படுபவை. பெயருக்கு எதிரே அவருடைய தொகை நிற்க வேண்டும். மூன்றாம் திருவிழாவுக்கு எதிரே அதன் உபயகாரர் நிற்க வேண்டும். இவற்றுக்கு வேண்டியது அட்டவணை.

இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். இடது நிரலில் நாற்பது பெயர்கள், வலது நிரலில் நாற்பது தொகைகள் எனத் தட்டச்சுச் செய்தாயிற்று. கடைசி நேரத்தில் பதினான்காம் இடத்தில் ஒரு பெயரைச் சேர்க்கிறோம். இடது நிரல் ஒரு வரி கீழிறங்கும். வலது நிரல் அசையாது. அதன்பின் வரும் ஒவ்வொருவருக்கும் எதிரே அடுத்தவரின் தொகை நிற்கும். ரூபா 25,000 கொடுத்தவருக்கு எதிரே 2,000 என்று அச்சாகிவிடும். ஆயிரம் பிரதி அச்சான பின்னர் இதற்கு மருந்து இல்லை.

இடைவெளி விசையால் ஏன் முடியாது?

தட்டச்சுப் பொறியில் பழகிய என் போன்ற மூத்தோர், இடைவெளி விசையைப் பலமுறை தட்டி எழுத்துக்களை நேராக்குவது வழக்கம். ஆங்கிலத் தட்டச்சுப் பொறி ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே அளவு நகரும். ஆதலால் அங்கு அது சரிவந்தது. கணினி எழுத்துருவில் ‘ண’ அகலமானது, ‘ர’ ஒடுங்கியது. திரையில் நேராகத் தெரிவது, எழுத்துருவோ எழுத்தின் அளவோ மாறியதும் கோணலாகிவிடும்.

நிரல் பிரிக்கும் படிமுறை

மைக்ரோசொப்ட் வேர்டின் முறை பின்வருமாறு.

1. முதலில் முழுவதையும் ஒரே நிரலில் தட்டச்சுச் செய்து, பிழை திருத்தி முடியுங்கள்.

2. தலைப்பை விட்டு, கட்டுரையை மட்டும் தெரிவு செய்யுங்கள். ‘லேஅவுட்’ பகுதியில் ‘கொலம்ஸ்’ என்பதை அழுத்தி ‘டூ’ என்பதைத் தெரியுங்கள். வேர்ட் 2007 முதல் 2013 வரையான பதிப்புகளில் அப்பகுதியின் பெயர் ‘பேஜ் லேஅவுட்’. தலைப்பு முழு அகலத்திலும் நிற்க, அதன்கீழ் இரு நிரல்கள் அமையும்.

3. அகலத்தைத் திருத்த, அதே இடத்தில் ‘மோர் கொலம்ஸ்’ என்பதைத் திறவுங்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். இரு ஓரங்களிலும் 2, நடு இடைவெளி 1 என வைத்தால் நிரல் ஒன்றுக்கு 8 சென்ரிமீற்றர் கிடைக்கும். நடுவே கோடு வேண்டுமாயின் ‘லைன் பிட்வீன்’ என்பதைத் தெரியுங்கள்.

4. ஓர் உபதலைப்பு அடுத்த நிரலின் உச்சியில் தொடங்க வேண்டுமாயின் என்டர் விசையைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டாம். அதன் முன்னே சுட்டியை வைத்து கொன்ட்ரோல், ஷிப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இது நிரல் முறிப்பு.

5. கடைசிப் பக்கத்தில் இடது நிரல் நீண்டும் வலது நிரல் குறுகியும் நின்றால், கட்டுரையின் முடிவில் ‘பிறேக்ஸ்’ என்பதிலுள்ள ‘கொன்டினியூவஸ்’ பிரிவு முறிப்பை இடுங்கள். இரண்டும் சமமாகும்.

ஒரு விடயத்தில் அவதானம் தேவை. ஒரு பிரிவின் நிரல் அமைப்பு அப்பிரிவின் முடிவிலுள்ள முறிப்பிலேயே சேமிக்கப்படுகிறது. அதை அழித்தால் மேலுள்ள பகுதி, கீழுள்ள பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். பக்கம் திடீரெனக் குலைந்தால் அழித்ததை உடனே மீளப் பெறுங்கள்.

பணம் கொடுத்து வேர்ட் வாங்க வசதியில்லாதோர் இலவசமான லிப்ரே ஒப்பிஸைப் பயன்படுத்தலாம். அதில் ‘போமட்’ பட்டியலில் ‘கொலம்ஸ்’ உள்ளது.

பெயர்ப்பட்டியலுக்கு அட்டவணை

‘இன்சேர்ட்’ பகுதியில் ‘டேபிள்’ மூலம் இலக்கம், பெயர், தொகை என மூன்று நிரல்கள் கொண்ட அட்டவணையை இடுங்கள். இடையில் பெயர் சேர்ப்பதானால் புதிய நிரை ஒன்றைச் செருகுங்கள். பெயரும் தொகையும் ஒரே நிரையில் இருப்பதால் சேர்ந்தே நகரும். கோடுகள் வேண்டாமாயின் அவற்றை மறைத்துவிடலாம், அமைப்பு மாறாது. பட்டியல் பல பக்கங்களுக்கு நீண்டால் ‘ரிப்பீட் ஹெடர் றோஸ்’ என்பதைத் தெரியுங்கள். தலைப்பு நிரை ஒவ்வொரு பக்கத்திலும் தானே வரும்.

பட்டியல் ஒடுக்கமாக இருந்து தாள் வீணாகிறது என்று எண்ணினால், அட்டவணையைக் குறுக்கி, அப்பகுதியை மேற்சொன்னவாறு இரு நிரல்களாகப் பிரியுங்கள். அட்டவணை முதல் நிரலில் இறங்கி இரண்டாவதில் தொடரும். தாளும் மிச்சம், பெயரும் தொகையும் பிரியவும் மாட்டா.

தமிழுக்குரிய கவனம்

தமிழில் சொற்கள் நீளமானவை. ‘நிறைவேற்றப்பட்டமையினால்’ போன்ற ஒரு சொல்லே ஒடுங்கிய வரியில் பாதியை நிரப்பும். ஆகவே ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்துக்கு இரண்டு நிரல்களே போதும். மூன்றாக்கி இருபுறமும் நேராக்கினால் சொற்களிடையே பெரிய வெற்றிடங்கள் தோன்றும். ஒடுங்கிய நிரலில் இடப்பக்கம் மட்டும் நேராக்குவது நல்லது.

எழுத்துரு விடயமும் முக்கியம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களாகக் காட்சி தரும். யுனிகோட் முறையில் தட்டச்சுச் செய்தால் எழுத்துகள் அவ்வாறு மாறா. ஆயினும் வேறு எழுத்துரு வந்து அமர்ந்தால் வரிகள் இடம்பெயரும். எனவே வேர்ட் கோப்புடன் பி.டி.எவ். பிரதி ஒன்றையும் அச்சகத்துக்குக் கொடுங்கள். அதில் நீங்கள் அமைத்த பக்கம் அப்படியே இருக்கும்.

நிறைவாக ஒன்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் தாளில் ஒரு பிரதி எடுத்து, ஒருவர் பற்றுச்சீட்டுப் புத்தகத்திலிருந்து பெயரையும் தொகையையும் உரத்து வாசிக்க, மற்றவர் பிரதியில் அடையாளமிட்டுச் சரிபார்க்க வேண்டும். காலமான தாய் தந்தையரின் நினைவாக உபயம் செய்தவரும், தூர தேசத்திலிருந்து காசு அனுப்பியவரும் மலரை விரித்ததும் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். அது உரிய இடத்தில் நிற்கச் செய்வது தட்டச்சுச் செய்பவரின் பொறுப்பாகும்.