காற்றழுத்தப் பொறி: கோளாறு அறிதலும் சீர்செய்தலும்

கொல்லன் உலைத் துருத்தியை அறியாத கிராமவாசி இல்லை. துருத்தியை விரிக்கும்போது அதன் தோற்கதவு திறந்து காற்று உட்புகுகின்றது. அமுக்கும்போது அக்கதவு மூடிக்கொள்ள, உள்ளிருந்த காற்று குழாய் வழியே உலைக்குச் செல்லுகின்றது. இன்று சைக்கிள் கடையிலும், டிராக்டர் வைத்திருக்கும் விவசாயியின் கொட்டகையிலும், ஆழ்துளைக் கிணற்றின் ஓரத்திலும் நாம் காணும் கம்ப்ரசர் என்னும் காற்றழுத்தப் பொறி அத்துருத்தியின் வழிவந்ததே ஆகும். தோற்பைக்குப் பதிலாக சிலிண்டரும் பிஸ்டனும், தோற்கதவுக்குப் பதிலாக மெல்லிய எஃகுத் தகட்டு வால்வுகளும் அமைந்துள்ளன, வேறுபாடு அவ்வளவே.

இப்பொறி நின்றுவிட்டால் உழவு வேளையில் டிராக்டர் டயர் காற்றின்றிக் கிடக்கும். கிணற்றில் நீர் இருந்தும் பயிர் வாடும். அத்தருணத்தில் பதற்றமுற்று, கையில் கிடைத்த ஸ்பானரால் சிலிண்டரின் தலைப்பாகத்தைக் கழற்றத் தொடங்குவோர் பலர். ஆயினும் கோளாறுகளுள் பெரும்பாலானவை தலைப்பாகத்தைத் தொடாமலேயே கண்டறியத்தக்கவை. காரணத்தை அறிந்த பின்னரே கழற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

பொறியின் அமைப்பு

மோட்டார், பெல்ட் மூலமாக, பெரிய சக்கரத்தைச் சுழற்றுகின்றது. பிஸ்டன் கீழிறங்கும்போது வடிகட்டி வழியே காற்று உள்ளே வருகின்றது. மேலேறும்போது அக்காற்று அழுத்தமுற்று, செம்புக் குழாய் வழியே டாங்கினுள் செல்லுகின்றது. டாங்கின் வாயிலில் உள்ள ஒருவழி வால்வு, சென்ற காற்று திரும்பி வராமல் தடுக்கின்றது. அழுத்தம் குறித்த அளவை எட்டியதும் பிரஷர் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்துகின்றது. அவ்வேளையில் 'உஸ்' என்று ஒரு கணம் எழும் ஓசை, செம்புக் குழாயில் தங்கிய காற்று வெளியேறுவதன் அறிகுறி. இதனால் மோட்டார் மறுமுறை சுமையின்றித் துவங்க இயலுகின்றது. ஸ்விட்ச் பழுதுற்று மோட்டார் நிற்காமற் போனால், பாதுகாப்பு வால்வு தானே திறந்து டாங்கைக் காக்கின்றது. டாங்கின் அடியில் தண்ணீரை வெளியேற்றும் குழாய்த் திறப்பு ஒன்று உண்டு.

கை வைக்குமுன்

முதலில் மின்சாரத்தை மெயின் ஸ்விட்சிலேயே நிறுத்துக. பிரஷர் ஸ்விட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. அடுத்து, டாங்கிலுள்ள காற்று முழுவதையும் வெளியேற்றி, அழுத்தமானியின் முள் சுழியில் நிற்பதைக் கண்ட பின்னரே எந்த மரையையும் தளர்த்துக. அழுத்தம் 8 கிலோ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ, எனக் கொள்வோம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள டாங்கின் பக்கமூடி ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர சென்டிமீட்டர். ஆகவே அம்மூடியின்மீது ஐந்தரை டன்னுக்கு மேற்பட்ட விசை அழுத்திக்கொண்டிருக்கின்றது. இதனை நினைவிற் கொண்டோர் அவசரப்பட மாட்டார்கள்.

கோளாறுகளும் காரணங்களும்

1. மோட்டார் ஓடவில்லை. டாங்கில் ஏற்கெனவே போதிய அழுத்தம் இருந்தால் ஸ்விட்ச் மோட்டாரை ஓடவிடாது, இது கோளாறன்று. அழுத்தம் குறைந்திருந்தும் ஓடாவிடில் மின்சாரம் வருகிறதா, பியூஸ் சரியாக உள்ளதா, மிகைச்சுமைப் பொத்தான் வெளியே தள்ளியுள்ளதா என்று பார்க்க வேண்டும். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றுப்போயின் மோட்டார் உறுமுமேயன்றிச் சுழலாது. உடனே நிறுத்தாவிடில் சுருள் எரிந்துவிடும். ஒருமுனை மோட்டாரும் உறுமி நிற்பதுண்டு. அப்போது டாங்கை முற்றிலும் காலி செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும். காலியாக இருக்கையில் எளிதாக ஓடி, அழுத்தம் உள்ளபோது மட்டும் திணறுமாயின், குற்றம் ஒருவழி வால்விலோ காற்றை வெளியேற்றும் சிறு வால்விலோ இருத்தல் கூடும். காலியாக இருந்தும் உறுமி நிற்பின் கெபாசிட்டர், குறைந்த வோல்ட்டேஜ், இறுகிப்போன பேரிங் ஆகியவற்றை ஐயுறலாம். கெபாசிட்டர் மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னரும் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்குமாதலின், அதனை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நன்று.

2. மோட்டார் நின்ற பின்னும் 'உஸ்' ஓசை ஓயவில்லை. பலர் பிரஷர் ஸ்விட்சைக் குறைகூறிப் புதிது வாங்குகின்றனர். ஆனால் இதற்குப் பெரும்பாலும் காரணம் ஒருவழி வால்வே. அதன் இருக்கையில் கரித்தூளோ துருவோ சிக்கியதால் டாங்கின் காற்று பின்னோக்கி வந்து அச்சிறு துவாரத்தின் வழியே வெளியேறுகின்றது. டாங்கைக் காலி செய்து, வால்வைக் கழற்றித் துடைத்து, தேய்ந்திருப்பின் அதனை மட்டும் மாற்றினால் போதும்.

3. ஓடியும் அழுத்தம் ஏறவில்லை. இங்கே இரண்டு சோதனைகள் வழிகாட்டும்.

முதலாவது, கசிவுச் சோதனை. டாங்கை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, வெளிவாயிலை மூடி அரைமணி நேரம் அழுத்தமானியைக் கவனிக்க. முள் இறங்கினால் இணைப்புகளிலும் குழாய்களிலும் சோப்பு நீரைத் தடவுக. கசியும் இடத்தில் குமிழி எழும். முள் அசையாது நின்றால் டாங்கு குற்றமற்றது; குறை பொறியின் தலைப்பாகத்திலோ பெல்ட்டிலோ வடிகட்டியிலோ இருக்கின்றது.

இரண்டாவது, நிரம்பும் நேரச் சோதனை. 100 லிட்டர் டாங்கைச் சுழியிலிருந்து 8 கிலோ வரை நிரப்ப, வெளிக்காற்றாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 800 லிட்டர் வேண்டும். பொறி 8 நிமிடத்தில் நிரப்பினால், நிமிடத்துக்கு 100 லிட்டர் அனுப்புகின்றது என்று பொருள். அதே டாங்கு நிரம்ப 16 நிமிடம் ஆயின் பாதி வலிமை குன்றியது எனலாம். புதிதாக வாங்கிய நாளிலேயே இந்நேரத்தைக் குறித்து, கொட்டகைச் சுவரில் எழுதி வைத்தல் அறிவுடைமை.

குறை தலைப்பக்கம் என்று தெரிந்ததும் எளியவற்றிலிருந்து துவங்குக. வடிகட்டியைக் கழற்றி ஓட்டிப் பார்க்கவும். அழுத்தம் விரைவில் ஏறினால் வடிகட்டி அடைபட்டதே காரணம். பெல்ட்டின் நடுப்பகுதியை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ வேண்டும். அதற்கு மேல் தொய்ந்திருந்தால் வழுக்கும். இவை சரியாக இருப்பின், ஓடும்போது வடிகட்டி வாயருகே உள்ளங்கையைக் காட்டுக. காற்று உள்ளிழுக்கப்படுவதோடு வெளியேயும் ஊதினால் உள்ளிழுக்கும் வால்வுத் தகடு பழுது. எண்ணெய்க் கலத்தின் மூச்சுத் துவாரத்திலிருந்து விட்டுவிட்டுப் பலமாகக் காற்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது. இவ்விரண்டும் தெரிந்த பின்னரே தலைப்பாகத்தைக் கழற்றலாம். தகடுகளில் படிந்த கரியை மென்மையாக நீக்குக. விரிசலோ வளைவோ கண்டால் தகட்டை மாற்றுக. கேஸ்கட் ஒருமுறை கழற்றப்பட்டால் புதியதையே இடுக. போல்ட்டுகளைக் குறுக்கெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

4. காற்றுடன் எண்ணெய் வருகிறது. எண்ணெய் குறிக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம், வடிகட்டி அடைபட்டதால் எண்ணெய் மேலே உறிஞ்சப்படலாம், ரிங் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது, உடனே மாற்றுக. கம்ப்ரசருக்கென்று விற்கப்படும் எண்ணெயையே ஊற்றுதல் வேண்டும். கையிலிருக்கும் வண்டி எண்ணெயை ஊற்றினால் வால்வுத் தகடுகளில் கரி மிகுதியாகப் படியும்.

5. அளவுமீறிச் சூடேறுகிறது. சிலிண்டரின் விசிறிமடிப்புகளில் தூசியும் எண்ணெயும் அப்பியிருந்தால் சூடு வெளியேறாது. மற்றொரு காரணம் பலரும் அறியாதது. பெரிய சக்கரத்தின் ஆரைகள் விசிறிபோல் அமைந்து சிலிண்டரின்மீது காற்றை வீசுகின்றன. மின்கம்பி வேலை நடந்த பிறகு மும்முனைகளுள் இரண்டு இடம் மாறினால் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். காற்று அப்புறமாகப் போய்விடும். சக்கரத்தின் அருகே உள்ள அம்புக்குறியைப் பார்த்து, திசை தவறியிருப்பின் இரண்டு முனைகளை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுக.

6. தட்டும் ஓசை கேட்கிறது. முதலில் புல்லியின் சாவியும், அடித்தள போல்ட்டுகளும் தளர்ந்துள்ளனவா என்று பார்க்க. அவை இறுக்கமாக இருந்தும் ஓசை நீடித்தால் பேரிங்கோ பிஸ்டன் தண்டோ தேய்ந்திருக்கக்கூடும். மேலும் ஓட்டாமல் பட்டறைக்கு அனுப்புதலே சிக்கனம்.

ஆழ்துளைக் கிணற்றுக் கம்ப்ரசர்

கிணற்றினுள் காற்றைச் செலுத்தி நீரை மேலேற்றும் விவசாயிகள் ஒன்றை மறக்கலாகாது. இங்கே அழுத்தமானி பொறியின் நிலையை மட்டுமன்றி, கிணற்றின் நிலையையும் கூறுகின்றது. 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். காற்றுக் குழாயின் நுனி 60 மீட்டர் ஆழத்திலும், நீர்மட்டம் 20 மீட்டரிலும் இருந்தால், நுனிக்கு மேல் 40 மீட்டர் நீர் நிற்கின்றது. ஆகவே ஓட்டத் துவங்குகையில் அழுத்தமானி ஏறத்தாழ 4 கிலோ காட்டும். நீர் வரத் துவங்கியதும் முள் சற்று இறங்குவது இயல்பு.

எமது ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில், கோடைக்காலத்தில் ஒரு விவசாயியின் கம்ப்ரசர் நீரை விட்டுவிட்டே இறைத்தது. நீரினும் காற்றே மிகுதியாக வந்தது. அவர் முதலில் ரிங்குகளை மாற்றினார், பின்னர் வால்வுத் தகடுகளை மாற்றினார், பயன் இல்லை. புதுப் பொறி வாங்கக் கடன் கேட்டு எம்மிடம் வந்தார். அவரது பொறியைத் துவங்கச் சொல்லி அழுத்தமானியைப் பார்த்தபோது, முன்பு 4 கிலோ காட்டியது ஒன்றரை கிலோவுக்கு மேல் ஏறவில்லை. வெளிவாயிலை மூடி டாங்கை மட்டும் நிரப்பியபோதோ, பழைய நேரத்திலேயே நிரம்பியது. பொறியில் குறையில்லை. 60 மீட்டர் குழாயில் 15 மீட்டரே நீர் நின்றது. நீர்மட்டம் 45 மீட்டருக்கு இறங்கிவிட்டது. நீரில் மூழ்கிய பகுதி இவ்வளவு குறைந்தால் காற்று நீரைத் தாங்கி மேலேற்ற இயலாது. அவரது துளை அதற்குமேல் ஆழமின்மையால் குழாயைத் தாழ்த்தவும் வழியில்லை. அவர் கடன் எண்ணத்தைக் கைவிட்டு, கிடைக்கும் நீருக்கேற்பப் பயிர்ப் பரப்பைக் குறைத்துக்கொண்டார். பாதிப் பயிர் கைக்கு வந்தது. கடன் சுமை வரவில்லை. ரிங்குகளுக்கும் தகடுகளுக்கும் முன்னமே செலவிட்ட பணம் மட்டும் வீணாயிற்று.

டாங்கைப் பற்றி எச்சரிக்கை

காற்று அழுத்தப்பட்டுக் குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகி டாங்கின் அடியில் தங்குகின்றது. அந்நீர் உட்புறத்தைத் துருவாக அரிக்கின்றது. வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே தகடு மெலிந்துகொண்டே வரும். அடியில் ஊசித்துளை தோன்றினால் அதன்மீது வெல்டிங் வைத்து ஓட்டுதல் கூடாது. துளையைச் சுற்றிய தகடு முழுவதும் மெலிந்திருக்குமாதலின், அத்தகைய டாங்கு வெடித்து உயிர்ச்சேதம் விளைக்கவல்லது. டாங்கைக் கழித்துவிடுவதே முறை. ஐயமுள்ள டாங்கை நீர் நிரப்பியே அழுத்திச் சோதிக்க வேண்டும். காற்றால் சோதித்தல் ஆகாது. நீர் சுருங்காததால், டாங்கு பிளந்தாலும் சிதறாது.

பாதுகாப்பு வால்வு அடிக்கடி திறக்கின்றது என்று அதனை அடைத்து மரை இடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். காற்றுப் பாதைக்குப் பி.வி.சி. குழாய் பயன்படுத்தலாகாது, அது உடைந்தால் துண்டு துண்டாகத் தெறிக்கும். உடைமீது படிந்த தூசியை அழுத்தக் காற்றால் ஊதிக்கொள்வதும், சிறுவர் அதனை வைத்து விளையாடுவதும் கண்ணுக்கும் காதுக்கும் கேடு விளைக்கும்.

பராமரிப்பு

நாள்தோறும் வேலை முடிந்ததும் டாங்கின் நீரை வடிக்க. ஓட்டுமுன் எண்ணெய் மட்டம் பார்க்க. வாரம் ஒருமுறை வடிகட்டியைத் தட்டித் தூய்மை செய்க. உழவுக் காலத்துத் தூசியில் இன்னும் அடிக்கடி செய்க. மாதம் ஒருமுறை பெல்ட்டையும் போல்ட்டுகளையும் பார்த்து, பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்து அது இயங்குகிறதா என்று அறிக. பெல்ட்டின்மீது கம்பிக்காப்பு எப்போதும் இருத்தல் வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் தத்தம் கிராமத்தில் உள்ள கம்ப்ரசர்களைக் கணக்கெடுத்து, பழைய டாங்குகளையும் அடைக்கப்பட்ட பாதுகாப்பு வால்வுகளையும் உரியவர்களுக்குச் சுட்டிக்காட்டலாம். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற கிராமத்து இளைஞர் ஒருவரைக் கொண்டு, கோடை துவங்குமுன் ஒரு நாள் செயல்முறை விளக்கம் நடத்தலாம். சோப்பு நீரும், கடிகாரமும், அழுத்தமானியும் இருந்தாலே அந்த விளக்கத்திற்குப் போதும். பொறியை வாங்குவதற்குப் பணம் வேண்டும். அதனைக் காப்பதற்கு நாள்தோறும் சில நிமிட கவனம் போதும். அக்கவனம் நம் விவசாயப் பெருமக்களின் பொருளையும் உயிரையும் ஒருங்கே காக்கும்.