வேதபாடம்: அந்நிய தேசத்தில் படிக்கும் நம் பிள்ளைகள்



இந்த மாதப் பாடத்துக்கு தானியேல் முதலாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். சிங்கக் கெபிக்கு வெகு முன்னால் உள்ள பாகம். நாம் அதை வேகமாய் வாசித்துவிட்டு சிங்கத்தைப் பார்க்க ஓடிவிடுகிறோம். அங்கே இருப்பது என்ன? ஊரைவிட்டுப் பிரிக்கப்பட்ட நாலு வாலிபர். புது பாஷை, புது எழுத்து, மூன்று வருஷப் படிப்பு, மனது ஒப்பாத சாப்பாடு. பேரைக்கூட மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு நம்ம பேச்சில் சொன்னால், வெளிநாட்டில் படிக்கப் போன பிள்ளைகள்.

திற்பரப்பில் ஒரு காலத்தில் கல்ஃபுக்கு அப்பாமார்தான் போனார்கள். இப்போது பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். இங்கிலாந்து, கனடா, ஜெர்மனி, ஜார்ஜியா என்று சொல்கிறார்கள். ரப்பர் நிற்கிற பத்து சென்டும் பாங்கில் ஈடாக இருக்கும். விசா வந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லுகிறோம், கைதட்டி ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். அதற்குப் பிறகு? ஜெபக்குறிப்பில் பேர் மட்டும் இருக்கிறது. பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டால், “சுகமா இருக்கான், நேத்துகூட பேசினான்” என்பார்கள். அந்த “சுகமா இருக்கேன்” என்கிற சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலிருந்து அப்படிப் போன ஒருவரை எல்லாருக்கும் தெரியும். கணித மேதை ராமானுஜன். 1914 மார்ச் மாதம் சென்னையில் கப்பல் ஏறி, ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்து, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். அவருடைய கணக்கைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் அங்கே எப்படித் தூங்கினார் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

குளிரில் அவர் தூங்க முடியாமல் தவித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தாராம். அதே கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த வங்காளத்து மாணவர் மகலனோபிஸ் ஒருநாள் அறைக்கு வந்தார். சும்மா “எப்படி இருக்கீங்க” என்று கேட்டுவிட்டுப் போகவில்லை, படுக்கையையே போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகியிருந்தார்கள், அந்த ஊர் வழக்கப்படி. அதைப் பிரித்து உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலேயே படுத்திருந்தார். மகலனோபிஸ் காட்டிக்கொடுத்தார்.

பிரியமானவர்களே, இதை வாசித்துச் சிரித்துவிடாதீர்கள். உலகமே வியந்த மூளைக்குக் கம்பளியை எப்படிப் போர்த்துவது என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். நம் பிள்ளை துணி துவைக்கிற மெஷின் முன்னாலும், வங்கிக் கணக்கு திறக்கிற இடத்திலும் அப்படித்தான் நிற்கிறது.

அவருக்கு மற்றப் பாடுகளும் வந்தன. 1914 ஆகஸ்டில் யுத்தம் தொடங்கிற்று. அவர் சைவம், தானே சமைத்துச் சாப்பிட்டவர். யுத்தத்தினால் காய்கறி கிடைப்பது கஷ்டமாயிற்று. இங்கே ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சமாதானமில்லை. மனைவி ஜானகியின் கடிதங்கள் அவர் கைக்குச் சரியாய்ப் போய்ச் சேரவில்லை. 1917-ல் வியாதிப்பட்டு சானடோரியங்களில் கிடந்தார். 1918-ல் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று தப்பினார். அதே 1918-லேதான் ராயல் சொசைட்டியின் உறுப்பினரும் ஆனார்! வெளியே பார்த்தால் மகிமை, உள்ளே இருட்டு. 1919-ல் ஊர் திரும்பினார், 1920 ஏப்ரல் 26-ல் மரித்தார். வயது 32.

மார்க்கும் பட்டமும் நன்றாக இருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோமே, அந்த எண்ணம்தான் ஆபத்து.

இன்னொரு காரியம். முதல் மாதம் அழுகிறபோது எல்லாரும் ஆறுதல் சொல்வோம். ஆனால் 1955-ல் லிஸ்கார்ட் என்ற நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய தன் நாட்டார் சுமார் இருநூறு பேரை விசாரித்தபோது, ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை அங்கே இருந்தவர்கள்தான் அதிகம் ஒட்டாமல் இருந்தார்கள் என்று கண்டார். எல்லாருக்கும் இதே கணக்கு என்று பிற்கால ஆராய்ச்சிகள் ஒப்புக்கொள்ளவில்லை, சிலருக்கு ஆரம்பமே கடினம். ஆனாலும் “போய் வருஷம் ஒண்ணாச்சு, இனி பழகியிருக்கும்” என்று விட்டுவிடக்கூடாது. புதுமை தீர்ந்துபோகும், சிநேகிதர் இன்னும் கிடைத்திருக்காது, கடன் மட்டும் அப்படியே நிற்கும். குளிர்காலமும் சேர்ந்துவிடும். டிசம்பரில் நமக்கு ஆறு மணிக்குத்தான் பொழுது சாயும். லண்டனில் நாலு மணிக்கு முன்னமே இருட்டு.

பணத்தைப் பற்றியும் சொல்லாமல் தீராது. இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கிற பிள்ளை, வகுப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது விசா நிபந்தனை. வீட்டிலிருந்து “எப்ப அனுப்புவ?” என்று கேட்கக் கேட்க, பிள்ளை ராத்திரி முழிக்கும், அளவை மீறும், பயத்தோடு இருக்கும். வட்டிக் கணக்கைப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். ஃபோனில் பிள்ளையிடம் வேண்டாம்.

அப்படியானால் என்ன கேட்பது? “சாப்பிட்டியா மக்களே” என்று கேட்கிறோம், “ஆமா” என்று வருகிறது, முடிந்தது. அதற்குப் பதிலாக, இன்றைக்கு என்ன சமைச்ச, யாரோட உட்கார்ந்து சாப்பிட்ட, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின, ரூம் சூடாயிருக்கா என்று கேளுங்கள். யாரோட என்ற கேள்விக்கு மூன்று வாரமாய்ப் பதில் இல்லையென்றால் கவனியுங்கள். தானியேல் தன் சாப்பாட்டுக் கஷ்டத்தை மனதிலே அடைத்து வைக்கவில்லை. விசாரிப்புக்காரனிடம் வாய்திறந்து பேசி, பத்து நாள் சோதித்துப் பார்க்கச் சொன்னான். நம் பிள்ளைகளுக்கும் அங்கே விசாரிப்புக்காரர் உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அந்நிய நாட்டு மாணவருக்கென்று ஒரு அலுவலகமும், கட்டணமில்லாமல் மனநல ஆலோசனை தருகிறவர்களும் இருக்கிறார்கள். போய்ப் பேசினால் விசா போய்விடும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஆலோசனை கேட்டதற்காக விசா போவதில்லை.

இங்கிலாந்துக்கு விசா எடுக்கும்போதே மாணவரிடம் சுகாதாரக் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். 2024 முதல் வருஷத்துக்கு 776 பவுண்டு. ஆகவே அங்கே குடும்ப மருத்துவரிடம் பேரைப் பதிந்து காட்டுவது தர்மமல்ல, நீங்கள் ஏற்கெனவே கட்டின பணம். போன முதல் வாரமே பதியச் சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கு டாக்டரிடம் போனால் விசுவாசக் குறைவு என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, சாப்பாடு கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். ஜெபிக்கிறவர்கள் ஜெபியுங்கள், மருந்து வேண்டிய பிள்ளைக்கு மருந்தும் கிடைக்கட்டும்.

பிள்ளை, வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால், அதை விளையாட்டாய் எடுக்காதீர்கள். லைனை வைக்காமல், அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதினால் எண்ணம் உண்டாகிவிடாது. கூடத் தங்கியிருக்கிறவர்களில் ஒருவரை உடனே அறைக்குப் போகச் சொல்லுங்கள். உயிருக்கு உடனே ஆபத்து என்றால் அந்த நாட்டு அவசர எண்: இங்கிலாந்தில் 999, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. மனம் திறந்து பேச இங்கிலாந்தில் 116 123, கனடாவிலும் அமெரிக்காவிலும் 988, ஆஸ்திரேலியாவில் 13 11 14. இங்கே கலங்கி நிற்கிற பெற்றோருக்கும் உதவி உண்டு: அரசின் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், பணம் கிடையாது. நம்பர்களை வேதாகமத்தின் பின்னட்டையில் எழுதி வையுங்கள்.

“முடியலைன்னா திரும்பி வா, ரப்பர் போனா போகட்டும்” என்று ஒரு தடவையாவது பிள்ளையிடம் சொல்லியிருக்கிறீர்களா? அப்படிச் சொன்னால் உடனே திரும்பிவிடும் என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் தைரியமாய் நிற்கிறது.

சனிக்கிழமை வாலிபர் கூடுகை முடிந்ததும் அரைமணி நேரம் வீடியோவில் நம் பிள்ளைகளோடு பேச ஏற்பாடு செய்திருக்கிறோம். நமக்கு இரவு ஏழு மணி என்றால், குளிர்காலத்தில் லண்டனில் மதியம் ஒன்றரை, டொராண்டோவில் காலை எட்டரை. நோட்டு என்னிடம் இருக்கிறது. பிள்ளையின் பேர், இருக்கிற ஊர், அங்கே போன மாதம், எந்த நேரம் சும்மா இருக்கும் என்று எழுதிக் கொடுங்கோ.