முன்பனிக் காலமும் இல்லறக் கைங்கர்யமும்

ஒரு வருஷத்தை இரண்டிரண்டு மாதங்கள் கொண்ட ஆறு ருதுக்களாக வகுத்தனர் ஆன்றோர். அவற்றுள் வடமொழியில் ஹேமந்தம் என்றும், தமிழில் முன்பனி என்றும் வழங்கப்பெறுவது மார்கழி, தை ஆகிய இரு மாதங்களாம். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன், மாதங்களுள் மார்கழியாக இருப்பவன் தானே என்று அருளிச்செய்தான். ஆகவே இம்மாதத்தின் பெருமையைக் கூறப் புகுவோர் திருக்கோயில்களையும் உத்ஸவங்களையுமே எடுத்துரைப்பது வழக்கம். ஆயினும் பனி இறங்குவது கோபுரத்தின்மேல் மட்டுமன்று; இல்லங்களின் முற்றத்திலும், மாட்டுக் கொட்டிலின் கூரையிலும், வயல் வரப்பிலும் அது இறங்குகின்றது. அப்பனியை இல்லத்தார் எவ்வாறு ஏற்கின்றனர் என்பதில் ஒரு பெரிய தர்மம் அடங்கியுள்ளது. ஸ்ரீராமாயணத்தையும் திருப்பாவையையும் துணைகொண்டு அதனை ஆராய்தல் தகும்.

பஞ்சவடியில் ஒரு விடியற்காலை

ஸ்ரீராமாயணத்தில் ஆரணிய காண்டத்தின் 16ஆம் ஸர்க்கம் முழுவதும் ஹேமந்த வர்ணனையாக அமைந்துள்ளது. சரத்காலம் கழிந்து, பெருமாளுக்கு உகந்த ஹேமந்தம் வந்தது. ஒருநாள் விடியற்காலையில் அவர் நீராடக் கோதாவரிக்கு எழுந்தருளினார். பிராட்டியோடு பின்தொடர்ந்த இளையபெருமாளின் திருக்கையில் ஒரு கலசம் இருந்தது. நடந்துகொண்டே அவர் கண்ட காட்சிகளை விண்ணப்பம் செய்கின்றார்.

நீர் தீண்டவொண்ணாததாயிற்று, நெருப்பு இனியதாயிற்று. மூச்சுக்காற்றுப் பட்டு மங்கிய கண்ணாடிபோல் சந்திரன் ஒளி குன்றினான். தாகம் கொண்ட காட்டானை நீரைத் தொட்டவுடன் துதிக்கையைச் சுருக்கிக்கொண்டது. போரில் புகத் தயங்கும் கோழைகளைப்போல் நீர்ப்பறவைகள் கரையிலேயே நின்றன. நெற்கதிர்கள் மணி முற்றிப் பொன்னிறமாய்ச் சாய்ந்தன. நாட்டுப்புறங்களில் பாலும் தயிரும் பெருகின. புதிய தானியத்தைக் கொண்டு மக்கள் தேவர்களையும் பித்ருக்களையும் ஆராதித்தனர். இவ்வளவும் கிராமத்தில் வாழ்ந்தோர் அனைவரும் கண்டறிந்தவையே.

ஆனால் இளையபெருமாளின் வார்த்தை இயற்கையோடு நின்றுவிடவில்லை. குளிரைச் சொல்லி வந்தவர் திடீரென்று ஸ்ரீபரதாழ்வானை நினைத்துக்கொள்கின்றார். ராஜ்யத்தையும் போகங்களையும் துறந்து, உணவைக் குறைத்து, குளிர்ந்த வெறுந்தரையில் படுத்துறங்கும் பரதன், இந்நேரத்தில் நீராட ஸரயூவுக்குச் சென்றுகொண்டிருப்பானே; சுகத்திலேயே வளர்ந்த அந்த ஸுகுமாரன் பின்னிரவில் அந்நீரில் எவ்வாறு மூழ்குவான் என்று அவர் திருவுள்ளம் உருகுகின்றது.

இங்குச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. இளையபெருமாளும் அதே பனியில்தான் நடக்கின்றார்; அவரும் அதே குளிர்ந்த நீரில்தான் நீராடப் போகின்றார். தமக்குக் குளிர்கின்றது என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வேறொருவருக்குக் குளிருமே என்றுதான் வருந்தினார். சித்திரகூடத்தில் பரதன் சேனையோடு வரக்கண்டு அவன்மீது ஐயமும் சினமும் கொண்டவரும் இவரே என்பதை நினைவுகூர்ந்தால், இந்த உருக்கத்தின் அருமை விளங்கும். உடனே கைகேயியைக் குறைகூறத் தொடங்கியபோது பெருமாள் தடுத்து, அன்னையை நிந்திக்க வேண்டா, பரதனைப் பற்றியே பேசு என்று நியமித்தார். ஆக, பனியில் இருப்பவரை நினைப்பது ஒன்று; அந்நேரத்தில் பிறரைப் பழியாதிருப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஹேமந்தம் கற்பிக்கும் பாடங்கள்.

காவிரிக் கரையில் மார்கழி

இப்பாடத்தை மனத்திற்கொண்டு சோழநாட்டுக் கிராமத்தின் இல்லம் ஒன்றை நோக்குவோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளிவாங்கியபின், இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கின்றது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த புல்லிலும் இலையிலும் பனித்துளியாகப் படிகின்றது. புரட்டாசி, ஐப்பசியில் நடப்பட்ட சம்பாப் பயிர் கதிர்வாங்கி, மணியில் பால் பிடிக்கும் பருவம் அது. எலி கதிரை வெட்டாமல் காக்க வேண்டும். வயலில் நீர் மிகாமலும் வற்றாமலும் பார்க்க வேண்டும். ஆகவே உழவர் துண்டால் தலையை மூடிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்து, இருள் பிரியுமுன் வரப்பில் நடக்கின்றார். தையில் வீடு வந்து சேரும் நெல் அந்தப் பனியில் காக்கப்பட்டதாகும்.

இல்லத்தில் அதற்கும் முன்பே ஒருவர் எழுந்திருக்கின்றார். வாசலில் சாணநீர் தெளித்து, அரிசிமாவால் கோலமிட்டு, சாண உருண்டையில் பரங்கிப்பூவைச் செருகி நடுவில் வைக்கின்றார். அம்மாவை எறும்பு முதலிய சிற்றுயிர்கள் உண்கின்றன. க்ருஹஸ்தனுக்கு விதிக்கப்பட்ட பஞ்ச மஹா யஜ்ஞங்களுள் பூத யஜ்ஞம் என்பது பிற உயிர்களுக்கு உணவிடுதலேயாதலால், அவ்வெண்ணத்துடன் இடும் கோலம் அழகோடு அறமும் ஆகின்றது.

அடுக்களையிலும் பனியின் ஆட்சி உண்டு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். அதனை அடுப்பருகே வைத்து இளக்க வேண்டும். பால் உறைந்து தயிராகத் தாமதிக்கும். உறைமோர் சற்றுக் கூடுதலாக விட்டு, பாத்திரத்தை அடுப்பின் கதகதப்பில் வைப்பர். கடையும் தயிர் மிகக் குளிர்ந்திருந்தால் வெண்ணெய் திரளாது. சிறிது வெந்நீர் வார்த்தால் திரண்டு வரும். இவையெல்லாம் தாயிடமிருந்து மகள் கண்டு பழகிய சாஸ்திரம்.

மார்கழியில் வெண்பொங்கல் செய்வதற்கும் காரணம் உண்டு. புறத்தே குளிர் சூழும்போது உடலின் உள்ளே ஜாடராக்நி வலிமை பெறும் என்றும், அதற்கேற்ற உணவு கிட்டாவிடில் அது உடலின் ஸாரத்தையே உண்ணும் என்றும் சரக ஸம்ஹிதை ஹேமந்த காலத்தைப் பற்றிக் கூறுகின்றது. நெய்ப்பசையுள்ள உணவும், பாலும், புதிய அரிசிச் சோறும், வெந்நீரும் இக்காலத்திற்கு உரியவை என்பது அந்நூலின் கருத்து. அரிசியும் பயத்தம்பருப்பும் குழைந்து, மிளகும் சீரகமும் இஞ்சியும் நெய்யும் சேர்ந்த பொங்கல் இதற்கு மிகவும் பொருந்துகின்றது.

ஆய்ப்பாடியின் நோன்பு

இத்தகைய இல்வாழ்க்கையையே ஆண்டாள் தன் நோன்புக்கு இடமாகக் கொண்டாள். ஹேமந்தத்தின் முதல் மாதத்தில் நந்தகோகுலத்துக் கன்னியர் விடியலில் யமுனையில் நீராடி, மணலால் உருவமைத்துக் காத்யாயனியை வழிபட்டனர் என்று ஸ்ரீபாகவதத்தின் தசம ஸ்கந்தம் கூறும். ஆண்டாளோ ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகப் பாவித்து 30 பாசுரங்களை அருளினாள். அவற்றில் காட்டு ஆச்ரமங்கள் நோன்பின் களமாக வரவில்லை. தயிர் கடையும் ஓசையும், பனிப்புல் மேய விடப்பட்ட எருமைகளும், உறங்கும் பெண்ணின் வீட்டு வாசலுமே வருகின்றன. தோழியரை எழுப்பும் பத்துப் பாசுரங்களும் வீட்டு வாசல்களிலேயே நிகழ்கின்றன.

அவற்றுள் 12ஆம் பாசுரத்தின் பொருள் பெரிதும் அனுஸந்திக்கத்தக்கது. கறப்பாரில்லாத எருமைகள் தம் கன்றுகளை நினைத்த மாத்திரத்தில் பாலைச் சொரிய, வீடு முழுவதும் நனைந்து சேறாகின்றது. வெளியே எழுப்ப வந்த பெண்களோ தலையில் பனி விழ வாசலில் நிற்கின்றனர். அன்று பால் கறவாதது ஏன் எனில், அவ்வீட்டு ஆயன் கண்ணனைப் பிரியாமல் அவன் கைங்கர்யத்தில் இருந்தான் என்று வியாக்கியானம் செய்த பூர்வாசார்யர்கள், அவனுக்கு இளையபெருமாளையே ஒப்பாகக் காட்டினர். பஞ்சவடியில் பரதனை நினைந்து உருகிய உள்ளமும், கன்றை நினைந்து சுரந்த மடியும் ஒரே தன்மையன. தன்னைச் சார்ந்தவர் குளிரில் நிற்கக் கண்டு தானே இரங்குவதுதான் அத்தன்மை.

எம்பெருமானுக்குக் குளிருமோ?

கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசியை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் 108 போர்வைகள் சாற்றும் வைபவம் நடைபெறுகின்றது. ஸர்வலோக ரக்ஷகனுக்குக் குளிர் உண்டோ, போர்வை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். தாய்க்கு அக்கேள்வி எழாது. காக்கும் எம்பெருமானுக்கே தீங்கு வந்துவிடுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார் பெரியாழ்வார். அறிவு அவனை ரக்ஷகன் என்று காட்டும். பரிவு அவனையும் ரக்ஷிக்கத் துடிக்கும். அப்பரிவைப் பழக்குவதற்காகவே அவன் அர்ச்சையாய் எழுந்தருளி, போர்வையையும் பொங்கலையும் ஏற்றுக்கொள்கின்றான். ஸந்நிதியில் பழகிய அப்பரிவு வீட்டிற்கு வரவேண்டும். அங்கு வாராவிடில் பழகியது வீணாகும்.

இல்லத்தில் செய்யத்தக்கது

இங்கு ஒரு குறையைச் சொல்லாமலிருப்பதற்கில்லை. பல இல்லங்களில் மார்கழி நோன்பை நோற்பவர் ஒருவர். அதன் பயனை உண்பவர் பலர். நீர் சுமப்பதும், வாசல் தெளிப்பதும், அடுப்பு மூட்டுவதும் ஒரே பெண்மணியின் கைகளில் விழுகின்றன. ஆடவர் திருமண் இட்டுக்கொண்டு திருப்பாவை ஸேவிக்கப் புறப்படும்போது, அவர்களுக்கு வெந்நீர் வைத்துக்கொடுத்தவர் ஈரப்புடைவையுடன் புகையில் அமர்ந்திருப்பதுண்டு. எருமையின் இரக்கத்தைப் பாடிவிட்டு வீட்டில் நடுங்குபவரைக் காணாதிருத்தல் திருப்பாவைக்கு உகந்ததாகுமா? ஆண்டாளின் நோன்பு எல்லோரும் சேர்ந்து எழுந்து, சேர்ந்து நீராடி, முடிவில் சேர்ந்திருந்து பாற்சோறு உண்ணும் நோன்பு. ஒருத்தியை எழுப்பிவிட்டு மற்றவர் உறங்கும் நோன்பு அன்று.

இன்று பல வீடுகளில் கொட்டில் இல்லை, பால் பாக்கெட்டில் வருகின்றது, அடுப்பும் மாறிவிட்டது. ஆயினும் பனி மாறவில்லை. வீட்டு முதியவருக்கு வெந்நீர் வேண்டும். அதனை மகன் வைக்கலாம். கோலமிடும் மருமகளுக்கு முன்பாக ஒருவர் எழுந்து நீர் கொண்டுவரலாம். வயலிலிருந்து வரும் ஆளுக்கு ஆவி பறக்கும் கஞ்சி, அவர் கேளாமலே காத்திருக்கலாம். பசு உள்ள இடத்தில் கன்றுக்கு ஒரு சாக்கைப் போர்த்தி, அதன் பங்குப் பாலை மடியில் விட்டுவைக்கலாம். இவற்றுக்குப் பொருட்செலவு மிகுதியன்று. திருவாராதனம் செய்யும் அதே கைகள் இவற்றையும் செய்யும்போது இல்லறமே கைங்கர்யமாகின்றது.

உத்ஸவம் ஸேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள் பிரஸாதத்தோடு இந்நினைவையும் எடுத்துச் செல்வார்களாக. நாளை விடியற்காலையில் குளிர் உடலைத் தீண்டியவுடன் போர்வையை இழுத்துக்கொள்ளுமுன், இந்நேரத்தில் பனியில் நிற்பவர் யார் என்று ஒருகணம் நினைப்பார்களாக. இளையபெருமாள் கோதாவரிக் கரையில் நினைத்தது அதுவே. அந்நினைவு எழுந்த இல்லத்தில் எம்பெருமான் உகந்து எழுந்தருளுவான் என்பது திண்ணம்.