கார்த்திகை எவ்வளவு தூரம்? கையா டேட்டாவை வைத்து நாமே அளந்து பார்ப்போம்

விண்வெளித் தொலைநோக்கி என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது ஹப்பிளும் ஜேம்ஸ் வெப்பும் எடுத்த கலர் படங்கள்தான். ஆனா நம்ம பால்வெளி பற்றிய வானியலையே மாற்றிப்போட்ட ஒரு தொலைநோக்கி, அழகான படம் எடுக்கிறதுக்காகப் போகவே இல்லை. அது எண்களைச் சேகரிக்கப் போனது. அதன் பெயர் கையா.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பர் 19 அன்று கையாவை ஏவியது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, 6 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகச் சுழன்றுகொண்டே, 2025 ஜனவரி வரை வானம் முழுவதையும் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்தது. 2022 ஜூனில் வெளிவந்த அதன் மூன்றாவது தொகுப்பில் 180 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருக்கின்றன. இதெல்லாம் இலவசம். லேப்டாப்பும் இன்டர்நெட்டும் போதும். டிபிஎம்எஸ் பேப்பரில் படித்த எஸ்க்யூஎல் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த டேட்டாவை வைத்து இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் செய்யப்போறோம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கப்போறோம்.

ஏன் கார்த்திகை?

வெறும் கண்ணால் பார்த்தால் ஆறு ஏழு புள்ளியாகத் தெரியும். உண்மையில் அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள், எல்லாமே ஒரே மேகத்தில் ஒன்றாகப் பிறந்தவை. அதனால் விண்மீன்கள் பற்றிய நம்ம தியரியைச் சோதித்துப் பார்க்க இது ஒரு நல்ல லேப்.

அந்த லேப்பில் 1997-இல் ஒரு பெரிய பிரச்சினை வந்தது. கையாவுக்கு முன்னோடியான ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள், கார்த்திகையின் தூரம் சுமார் 385 ஒளியாண்டு என்றது. அதுவரை மற்ற முறைகளில் கிடைத்தது 430-ஐ ஒட்டிய எண். வித்தியாசம் 10 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனா ஒளிர்வு தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஹிப்பார்கஸ் சொன்னது சரி என்றால், கார்த்திகை விண்மீன்கள் நாம நினைத்ததை விட ஐந்தில் ஒரு பங்கு மங்கலானவை. அப்படின்னா விண்மீன் எப்படி எரிகிறது என்ற கணக்கிலேயே எங்கோ ஓட்டை இருக்கணும். கூட்டங்களின் தூரத்தை வைத்துத்தான் படிப்படியாக ஏறி மற்ற கேலக்ஸிகளின் தூரம் வரை போகிறோம். கீழ்ப்படி ஆடினால் மேலே நிற்கிறவனும் ஆடுவான்.

தப்பு தியரியிலா, கருவியிலா? இந்தக் கேள்வி ஏறத்தாழ இருபது வருஷம் ஓடியது.

அளவுகோல் என்ன?

ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்க. விரல் இடம் மாறுகிற மாதிரி தெரியும். பள்ளிப் புத்தகத்தில் இதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர். பெயரில்தான் பிழை. நமக்கு அதுதான் அளவுகோல்.

பூமி சூரியனைச் சுற்றும்போது, பக்கத்து விண்மீன்கள் தூரத்து விண்மீன்களுக்கு முன்னால் இப்படித்தான் லேசாக அசைகிற மாதிரி தெரியும். அந்தக் கோணம் சின்னதாக இருந்தால் தூரம் அதிகம். ஃபார்முலா ரொம்ப சிம்பிள்: 1000-ஐ அந்தக் கோணத்தால் வகுத்தால் தூரம் பார்செக்கில் கிடைக்கும். கோணம் மில்லி ஆர்க்செகண்டில் இருக்கணும். ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு.

கார்த்திகைக்கு இந்தக் கோணம் சுமார் 7.4 மில்லி ஆர்க்செகண்ட். எவ்வளவு சின்னது தெரியுமா? ஒரு பத்து ரூபாய் நாணயத்தைச் சுமார் 750 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் தெரிகிற அளவு. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற ரோட்டை விட அதிக தூரம்.

டேட்டாவை எடுப்பது

கையா ஆர்க்கைவ் தளத்துக்குப் போங்க. அங்கே கேள்வி கேட்கிற மொழி ஏடிக்யூஎல். எஸ்க்யூஎல்லோட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது தொகுப்பின் முதன்மை அட்டவணையிலிருந்து இப்படிக் கேளுங்க:

1. மையம்: வல ஏற்றம் 56.75 டிகிரி, நடுவரை விலக்கம் 24.12 டிகிரி. ஆரம் 2 டிகிரி.
2. ஜி பேண்டில் பிரகாச எண் 16-க்குக் கீழே. இதற்கு மேலே போனால் ஒவ்வொரு விண்மீனின் எரரும் ஏறிக்கொண்டே போகும்.
3. பாரலாக்ஸ் 5-க்கு மேல். 200 பார்செக்குக்கு அப்பால் இருக்கிற கூட்டம் வெளியேறிவிடும்.
4. ரூவே என்ற தர எண் 1.4-க்குக் கீழே. இது அதிகமாக இருந்தால் அந்த விண்மீனின் அளவீடு சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அதற்கு ஒரு ஜோடி இருக்கும்.

பைத்தானில் ஆஸ்ட்ரோகுவெரி மூலமாகவும் இதையே கேட்கலாம். சின்க் முறையில் கேட்டால் 2000 வரியோடு நின்றுவிடும், எரர் மெசேஜ் பெரிதாக வராது. அசின்க் முறையில் கேளுங்க. கோடிங் வேண்டாம் என்றால் டாப்கேட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

யார் உண்மையான கார்த்திகை?

வந்த எல்லா விண்மீனும் கார்த்திகை இல்லை. வழியில் நிற்கிறவங்களும் அதில் இருப்பாங்க. எப்படிப் பிரிப்பது?

பாரலாக்ஸ் 7-க்கும் 8-க்கும் நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கலாமே என்று தோன்றும். அதைச் செய்யாதீங்க. விடையை வைத்தே விடையைத் தேடுகிற கதை அது. நாம வெட்டுகிற இடம்தான் நமக்குக் கிடைக்கிற சராசரியைத் தீர்மானிக்கும்.

அதற்குப் பதிலாக இயக்கத்தைப் பாருங்க. ஒன்றாகப் பிறந்த விண்மீன்கள் ஒன்றாகவே நகரும். வல ஏற்றத் திசை இயக்கத்தை ஒரு அச்சிலும், நடுவரை விலக்கத் திசை இயக்கத்தை இன்னொரு அச்சிலும் வைத்து ஸ்கேட்டர் பிளாட் போடுங்க. மற்றதெல்லாம் சிதறிக் கிடக்க, (20, -45) பக்கத்தில் மட்டும் ஒரு கொத்து அடர்த்தியாக நிற்கும். வருஷத்துக்கு இத்தனை மில்லி ஆர்க்செகண்ட் என்பது அதன் அலகு. திருவிழாக் கூட்டத்தில் ஒரே பக்கமாக நடக்கிற ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி. அந்தக் கொத்தைச் சுற்றி 4 அலகு ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுங்க. சில நூறு விண்மீன்கள் மிஞ்சும்.

இப்போ அவற்றின் பாரலாக்ஸுக்கு மீடியன் எடுங்க. 7.3-க்கும் 7.4-க்கும் நடுவில் வரும். 7.36 என்று வைத்துக்கொண்டால், சுமார் 136 பார்செக். அதாவது சுமார் 443 ஒளியாண்டு.

விடையை நம்பலாமா?

ஹிப்பார்கஸ் சொன்ன 385 வரவில்லை. 2005-இல் ஹப்பிளை வைத்து அளந்தபோது சுமார் 440 வந்தது. 2014-இல் வெவ்வேறு நாடுகளில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அளந்தபோது சுமார் 444. கையாவும் அதே பக்கம்தான். தியரி தப்பித்தது.

சரி, ஹிப்பார்கஸில் என்ன ஆச்சு? ஒரு விண்மீனுக்கு அதன் எரர் சுமார் 1 மில்லி ஆர்க்செகண்ட். ஐம்பது சொச்சம் கார்த்திகை விண்மீன்களைச் சராசரி எடுத்தால் எரர் ரொம்பக் குறையணும். லேபில் நாமும் ரூட் என் போட்டு வகுப்போமே, அதே கணக்கு. ஆனா அந்தக் கணக்கு ஒவ்வொரு எரரும் தனித்தனியாக இருந்தால்தான் செல்லும். வானத்தில் பக்கத்து பக்கத்தில் இருந்த விண்மீன்களின் எரர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன என்று பல ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். எல்லாரும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதிய அசைன்மென்ட்டில் ஐம்பது பேர் விடை ஒத்துப்போனாலும், அதை ஐம்பது சாட்சி என்று சொல்ல முடியாது.

கையாவும் இதிலிருந்து முழுசாகத் தப்பவில்லை. குவேசார்கள் பல நூறு கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பவை. அவற்றின் பாரலாக்ஸ் பூஜ்யமாக இருக்கணும். மூன்றாவது தொகுப்பில் சராசரி சுமார் -0.017 மில்லி ஆர்க்செகண்ட். மைனஸ் பாரலாக்ஸ் என்று ஒன்று இயற்கையில் கிடையாது, ஆக இது கருவியின் சாய்வு. தெரிந்த விடை உள்ள ஒரு பொருளை அளந்து, கருவி எவ்வளவு சாய்கிறது என்று கருவியிடமே கேட்டிருக்காங்க. கார்த்திகைக்கு இந்தத் திருத்தம் ஒரு ஒளியாண்டு அளவில்தான் மாற்றும். ஆனா பாரலாக்ஸே 0.1 என்று இருக்கிற தூரத்து விண்மீனுக்கு இது பெரிய விஷயம்.

டேட்டா எவ்வளவு அதிகமாக இருந்தாலும் சிஸ்டமேட்டிக் எரர் தானாகக் குறையாது. சென்சார் புராஜெக்ட் செய்கிறவங்க, மெஷின் லேர்னிங் செய்கிறவங்க எல்லாருக்கும் இது பொருந்தும். உங்க கருவிக்கு ஒரு குவேசார் எது என்று தேடுங்க.

வீட்டுப்பாடம்

முதலில், எடுத்த அதே விண்மீன்களுக்கு நிறத்தை ஒரு அச்சிலும் பிரகாசத்தை இன்னொரு அச்சிலும் வைத்துப் பிளாட் போடுங்க. ஒரு நீளக் கோடு வரும். அதற்கு மேலே சுமார் 0.75 எண் தள்ளி, மெல்லிசாக இன்னொரு கோடும் தெரியும். இரண்டு சம விண்மீன்கள் ஒட்டி நின்று ஒன்றாகத் தெரிந்தால் ஒளி இரட்டிப்பாகும். அதன் லாகரிதம்தான் அந்த 0.75.

அடுத்து, கடக ராசியில் இருக்கும் எம் 44 கூட்டத்துக்கு இதே வேலையைச் செய்யுங்க. மையம் 130.1, 19.6. இயக்கக் கொத்து எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களே கண்டுபிடிங்க. விடை 600 ஒளியாண்டுக்குப் பக்கத்தில் வந்தால் சரியான பாதையில் போறீங்க.